தலையணைப் புத்தகங்கள்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

கோவையில் ஒரு நூற்பாலைக் குழுமத்தின் ஐடி பிரிவில் எட்டு மாதமாக டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) வேலை பார்க்கிறேன். ஆரக்கிள் டேட்டாபேஸ், 19சி வெர்ஷன். எங்கள் சீனியர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். மேசையைக் காலி செய்தபோது நான்கு தலையணைப் புத்தகங்களை என்னிடம் கொடுத்து, "இதப் படிச்சுட்டு அப்புறம் சர்வர்ல கை வை" என்றார். ஒவ்வொன்றும் எண்ணூறு, ஆயிரம் பக்கம். இரண்டு புத்தகங்கள் 8ஐ, 9ஐ என்ற பழைய வெர்ஷன்களின் காலத்தவை. எரர் நம்பரை அடித்தால் இரண்டு நொடியில் பதில் வருகிறது. ஏஐயிடம் கேட்டால் கமாண்டையே எழுதித் தருகிறது. இந்தக் காலத்தில் இதையெல்லாம் உட்கார்ந்து படிக்க வேண்டுமா? எழுத வருவதற்கு முன் நீங்களும் இதே வேலையில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நான்கில் இரண்டை அநேகமாக எடைக்குப் போட்டுவிடலாம். எந்த இரண்டு என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஒரு சனிக்கிழமை ராத்திரியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2000களின் நடுவில் நான் வேலை பார்த்த இடத்தில், ஏழெட்டுக் கடைகளின் பில்லிங் எல்லாம் ஒரே ஆரக்கிள் டேட்டாபேஸில் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்க் நிரம்பப்போகிறது என்று எச்சரிக்கை வந்தது. பணியில் இருந்த தம்பி கெட்டிக்காரன், லினக்ஸ் அத்துப்படி. டிஸ்க் நிரம்பினால் பழைய லாக் கோப்புகளை அழிப்பது லினக்ஸ்காரர்களுக்கு அனிச்சைச் செயல். டேட்டாபேஸ் இருந்த ஃபோல்டரில் ரீடூ01, ரீடூ02, ரீடூ03 என்று மூன்று பெரிய கோப்புகள் இருந்தன, மூன்றின் பெயரும் 'டாட் லாக்' என்று முடிந்தது. அழித்துவிட்டான்.

எரர் எதுவும் வரவில்லை. கடைகளில் பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் டிஸ்கில் இடமும் திரும்பவில்லை. லினக்ஸில் ஒரு கோப்பை அழித்தாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் புராசஸ் அதை விடும்வரை இடம் திரும்பாது. இது அவனுக்கும் தெரியும். அதனால் டேட்டாபேஸை ஒருமுறை நிறுத்தி எழுப்பினால் சரியாகிவிடும் என்று நினைத்தான். சாதாரணமாக நிறுத்தும் கமாண்ட் நேரம் எடுக்கவே, எதற்கும் காத்திராமல் பட்டென்று நிறுத்தும் 'அபார்ட்' கொடுத்தான். எழுப்பியபோது ஓரா-00313 என்று எரர் வந்தது. லாக் குரூப்பைத் திறக்க முடியவில்லை என்று அர்த்தம்.

ரீடூ லாக் என்பது நடந்ததை எழுதிவைக்கும் டைரி அல்ல. நீங்கள் கமிட் (செய்த மாற்றத்தை உறுதிசெய்யும் கமாண்ட்) கொடுத்ததும் ஆரக்கிள் "சரி, ஆச்சு" என்று சொல்கிறதே, அப்போது அந்த மாற்றம் டிஸ்கில் நிச்சயமாக இருக்கும் ஒரே இடம் ரீடூ லாக்தான். டேட்டா ஃபைலுக்கு அது பிறகு, சாவகாசமாகப் போய்ச் சேரும். அன்றைக்கு பேக்கப்பையும் கடைசி ஆர்க்கைவ் லாக்கையும் (நிரம்பிய ரீடூ லாக்கை நகலெடுத்து வைப்பது) வைத்து மீட்டோம். அதற்குப் பிந்தைய நாற்பது நிமிட பில்கள் போயின. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடைக்காரர்கள் பில் சுருளைப் பிரித்துவைத்து மறுபடி தட்டினார்கள். அபார்ட் கொடுக்காமல், நேரமானாலும் பொறுத்து ஒழுங்காக மூடியிருந்தால் ஒரு பில்கூடப் போயிருக்காது. மூடும்போது எல்லாம் டேட்டா ஃபைலில் எழுதப்பட்டிருக்கும். காலியான லாக்குகளைப் புதிதாக உண்டாக்கித் திறந்திருக்கலாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்தத் தம்பி தேடியிருந்தால் என்ன தேடியிருப்பான்? 'லினக்ஸ் டிஸ்க் ஃபுல்' என்று. பழைய லாக்கை அழி என்று பதில் வந்திருக்கும். அந்தக் கேள்விக்கு அது சரியான பதிலும்கூட. 'இந்த லாக் வேறு லாக்கா' என்று கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்காது. எரர் நம்பர் கையில் இருக்கும்போது தேடலை எந்தப் புத்தகமும் மிஞ்ச முடியாது, ஒப்புக்கொள்கிறேன். நம்பர் இல்லாத நேரத்தில், கேள்வியே தெரியாத இடத்தில்தான் புத்தகம் வேண்டியிருக்கிறது. டேட்டாபேஸ் நிர்வாகப் புத்தகங்களில் முதல் நூறு நூற்றைம்பது பக்கம் இந்தக் கட்டமைப்பு விவரம்தான் இருக்கும். எல்லோரும் புரட்டித் தள்ளிவிட்டு இன்ஸ்டலேஷனுக்குப் போவார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

உங்களுக்கும் இது வரும். 19சியில் ஆர்க்கைவ் லாக் போகும் இடம் நிரம்பினால் ஓரா-00257 வந்து டேட்டாபேஸ் நின்றுவிடும். ஏஐ கொடுக்கும் கமாண்டால் பழைய ஆர்க்கைவ் லாக்குகளை நேரடியாக அழிப்பீர்கள். டிஸ்கில் இடம் வந்துவிடும், டேட்டாபேஸ் அசையாது. காரணம், ஆர்க்கைவ் லாக்குகள் போய்ச் சேரும் ரிக்கவரி ஏரியாவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஆரக்கிள் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நீங்கள் வெளியிலிருந்து அழித்தது அதற்குத் தெரியாது. ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனில் கிராஸ்செக் செய்து (கணக்கில் உள்ள கோப்புகள் டிஸ்கில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லி), காணாமல் போனவற்றை நீக்கச் சொன்னால்தான் கணக்கு நேராகும். அதைவிட முக்கியம், நீங்கள் அழித்ததில் இன்னும் பேக்கப் ஆகாத ஒன்று இருந்தால் மீட்புச் சங்கிலி அந்த இடத்தில் அறுந்தது. இது தெரிந்தவர் ஏஐயிடம் கேட்டால் நல்ல உதவி கிடைக்கும், நானே கேட்கிறேன். தெரியாதவருக்கு வந்த கமாண்ட் சரியா தவறா என்று பார்க்க வழியே இல்லை.

சரி, புத்தகங்களையே வேதமாக எடுத்துக்கொண்டதால் நான் பட்டதையும் சொல்லவேண்டும். டேட்டாபேஸின் வேகத்தைக் கூட்டச் சொல்லித்தரும் 1990களின் டியூனிங் புத்தகங்கள் பலவற்றில் பஃபர் கேஷ் ஹிட் ரேஷியோ என்ற ஒன்றைத் தூக்கிவைத்து ஆடியிருப்பார்கள். கேட்ட டேட்டா டிஸ்குக்குப் போகாமல் மெமரியிலேயே எத்தனை சதவீதம் கிடைக்கிறது என்ற கணக்கு. 90க்குக் கீழே போனால் மெமரியைக் கூட்டு என்பார்கள். நான் கெஞ்சிக் கூத்தாடி மெமரி வாங்கிப் போட்டு 98க்குக் கொண்டுவந்தேன். ஸ்டோர்ஸ் ரிப்போர்ட் அப்போதும் முக்கால் மணி நேரம் எடுத்தது. மோசமாக எழுதிய ஒரு குவெரி ஒரே பிளாக்குகளை லட்சம் தடவை மெமரியில் படித்தால் ரேஷியோ ஜோராக ஏறும், வேலை மட்டும் நடக்காது. கானர் மெக்டொனால்ட் என்ற ஆஸ்திரேலிய ஆரக்கிள் நிபுணர், நீங்கள் எந்த ரேஷியோ கேட்கிறீர்களோ அதை உண்டாக்கித் தரும் ஒரு சின்ன புரோகிராமையே எழுதிக் கேலி செய்தார். 2003இல் கேரி மில்சாப்பும் ஜெஃப் ஹோல்ட்டும் ஒரு புத்தகம் போட்டு, சதவீதத்தை விடு, பயனரின் நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார் என்றார்கள். ஆக, புத்தகங்கள் கிளப்பிவிட்டதை இறக்கிவைக்கவும் ஒரு புத்தகம் வேண்டியிருந்தது.

இனி எடைக்குப் போடும் விஷயம். 'இந்த பட்டனை அழுத்து, அடுத்து நெக்ஸ்ட் கொடு' என்று ஸ்கிரீன்ஷாட்டுகளாக நிரப்பியிருக்கும் புத்தகம் அடுத்த வெர்ஷன் வந்த அன்றே செத்துவிடுகிறது. அது போகட்டும். 'மதிப்பை இவ்வளவு வை' என்று எண் மட்டும் கொடுத்து, ஏன் என்று சொல்லாத புத்தகமும் போகட்டும். வருஷத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 9ஐ 2001இல் வந்தபோது அன்டூவை, அதாவது மாற்றத்துக்கு முந்தைய பழைய மதிப்புகளை, தானே பார்த்துக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. ஆகவே 8ஐ புத்தகத்தில் அந்தப் பழைய மதிப்புகளை வைக்கும் ரோல்பேக் செக்மென்ட்டுகளை எப்படி அளவிடுவது என்று சொல்லும் பக்கங்கள் உங்களுக்கு வேண்டாம். ஆனால் நீண்ட நேரம் ஓடும் ரிப்போர்ட் ஏன் ஓரா-01555 (தேவையான பழைய மதிப்பு இப்போது இல்லை என்ற எரர்) கொடுத்து விழுகிறது என்ற விளக்கம் இன்றைக்கும் அதேதான். இந்த எரர் உங்கள் மாதக் கடைசியில் வந்தே தீரும். சீனியர் கொடுத்ததில் இப்படி எதுவும் இல்லையென்றால் ஆரக்கிளே தன் தளத்தில் வெளியிடும் கான்செப்ட்ஸ் நூல் இலவசம்தான், 19சிக்கும் இருக்கிறது. பரீட்சைக்கான கைடு நான்கில் ஒன்று என்றால் அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. டம்ப்ஸ் (வெளியே கசிந்த பரீட்சைக் கேள்வி-பதில்கள்) மனப்பாடம் செய்து சர்டிஃபிகேட் வாங்கியவர்களை நிறைய இன்டர்வியூ எடுத்திருக்கிறேன்.

படிக்கும் முறை பற்றி ஒன்றே ஒன்று. ஆரக்கிளின் இலவசப் பதிப்பை லேப்டாப்பில் போட்டுக்கொண்டு, ஒரு அத்தியாயம் படித்ததும் அதில் சொன்னதை வேண்டுமென்றே உடையுங்கள். ரீடூ லாக்கை அழியுங்கள். அபார்ட் கொடுங்கள். மீட்டுப் பாருங்கள். நான் சொன்ன நாற்பது நிமிடம் எங்கே போனது என்று அப்போது புரியும். எதுவும் உடையாத புதன்கிழமை மத்தியானத்தில் இதைச் செய்யவேண்டும்.

சீனியர் அந்தப் புத்தகங்களின் ஓரத்தில் பென்சிலால் ஏதாவது எழுதியிருக்கிறாரா? இருந்தால் அதை முதலில் படியுங்கள், புரியாததை அவரிடமே கேளுங்கள். பேக்கப் எந்த டேப்பில் போகிறது, மாதக் கடைசியில் எந்த ஜாப்பை நிறுத்திவைக்கவேண்டும் என்பதெல்லாம் எந்த ஆசிரியருக்கும் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்கிறீர்கள். ஒரு முழு ரீஸ்டோரை டெஸ்ட் சர்வரில் நீங்கள் செய்ய, அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.