பிளகின் இல்லாம வெப் பேஜ்ல மாலிக்யூல் மாடலை சுத்திப் பாக்குற மாதிரி வைக்க முடியுமா?

முடியும். பிளகின்னா பிரவுசர்ல தனியா ஏத்துற கூடுதல் சாஃப்ட்வேர். ஜாவா போடு, ஃபிளாஷ் போடுன்னு யாரையும் தொந்தரவு பண்ணாம, சாதா போன்லயே விரலால சுத்திப் பாக்குற மாதிரி வைக்கலாம், இப்போ அது பெரிய சோலியே இல்ல. ஆனா இந்தக் கேள்விய பாத்ததும் எனக்கு பழைய எரிச்சல் ஒண்ணு கிளம்பிட்டு, அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன். நீங்க அனேகமா கெமிஸ்ட்ரி எடுக்கற மிஸ்ஸாவோ சாராவோ இருக்கணும், இல்லேன்னா நாலு நாள்ல ப்ராஜெக்ட் குடுக்கணும்னு அலையுற பிள்ளையா இருக்கணும்.

நான் வெப் டெவலப்பர் எல்லாம் கிடையாது, முதல்லயே சொல்லிடுறேன், அப்புறம் யாராவது வந்து ரியாக்ட்ல (வெப் பேஜ் கட்டுற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் சாமானம்) இத ரெண்டு வரில எழுதலாமேன்னு பாடம் எடுக்க வேண்டாம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சுட்டு கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கத்துல டிடிபி கடை வச்சிருக்கவன் நான். 2011ல எங்க மாவட்டத்துல ஒரு காலேஜ்ல (பேரு வேண்டாம்) கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்டுக்கு 64 பேஜ் செஞ்சு குடுத்தேன். மீத்தேன்ல ஆரம்பிச்சு ஹீமோகுளோபின் வரைக்கும், ஒவ்வொண்ணுலயும் சுத்துற மாடல். அப்போ ஜேமோல்னு மாலிக்யூல் காட்டுற சாஃப்ட்வேர் ஒண்ணு, ஜாவா ஆப்லெட்டா, அதாவது பேஜுக்குள்ள ஓடற குட்டி ஜாவா புரோகிராமா ஓடும், இலவசம், அருமையான சாமானம். ராத்திரி ராத்திரியா உக்காந்து பட்டன் எல்லாம் வச்சு, அமுக்குனா பாண்ட் ஆங்கிள் (பிணைப்புக் கோணம்) காட்டும், தண்ணிக்கு 104.5 டிகிரி, அம்மோனியாக்கு 107ன்னு. பிள்ளையளுக்கு ரொம்ப பிடிச்சிருந்துச்சு.

அப்புறம்தான் கழுத்தறுப்பு. 2014 ஜனவரில ஜாவா 7ல அப்டேட் 51 வந்துச்சு, அதோட டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஆப்லெட்ட ஓட விடமாட்டேன்னுட்டான். நான் லேப்ல இருந்த 30 கம்ப்யூட்டர்லயும் ஒவ்வொண்ணா போய் உக்காந்து, ஜாவா கன்ட்ரோல் பேனலத் திறந்து, அந்த விதிவிலக்கு லிஸ்ட்ல காலேஜ் அட்ரஸ டைப் அடிச்சுட்டு வந்தேன். ஒரு ரூவா கேக்கல அதுக்கு. 2015 ஏப்ரல்ல குரோம் அந்த மாதிரி பிளகின்ன தானாவே ஆஃப் பண்ணிச்சு, செட்டிங்ல உள்ள போய் திரும்ப ஆன் பண்ணேன். செப்டம்பர்ல 45ஆவது வெர்ஷன் வந்தப்போ அந்த செட்டிங்கையே தூக்கிட்டாங்க. அது எனக்குத் தெரியல. அன்னைக்கு பாத்து காலேஜ்ல இன்ஸ்பெக்‌ஷன். வெளியூர்ல இருந்து வந்தவங்க முன்னாடி பேஜ திறந்தா, மாடல் இருக்கவேண்டிய எடத்துல ஒரு சாம்பல் கலர் பெட்டி, நடுவுல பஸில் துண்டு மாதிரி ஒரு படம், பிளகின் சப்போர்ட் இல்லன்னு ஒரு வரி. 64 பேஜ்லயும் அதே பெட்டி. எனக்கு போன் போட்டு, "என்ன தம்பி, காசு வாங்கிட்டு பெட்டிய வரைஞ்சு குடுத்திருக்கீங்க?"ன்னு ஒரு கேள்வி. முழு காசும் அவங்க தரவே இல்ல, அது வேற கத, பாக்கி இன்னும் நிக்குது.

நான் செஞ்ச தப்பு என்னன்னா, மாடலை ஓட்டுற சாமானம் பாக்குறவன் கம்ப்யூட்டர்ல இருக்கணும்னு நம்பி இருந்தது. அதுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது. இப்போ எல்லாமே பிரவுசருக்குள்ளயே ஓடுது. 2011லயே வெப்ஜிஎல் 1.0 வந்தாச்சு, கிராஃபிக்ஸ் சிப்ப பிரவுசரே நேரடியா பயன்படுத்திக்கும், நான்தான் கண்ண மூடிக்கிட்டு ஆப்லெட்ட கட்டிக்கிட்டு அழுதேன்.

உங்ககிட்ட பழைய ஜேமோல் பேஜ் கிடக்குன்னா முதல்ல ஜேஎஸ்மோல் பாருங்க. ஜேமோலோட ஜாவா கோடையே ஜாவாஸ்கிரிப்டா மாத்தி வச்சிருக்காங்க, அமெரிக்காவுல செயின்ட் ஓலாஃப் காலேஜ்ல வேலை பாத்த பாப் ஹான்சன் அதுல முக்கியமான ஆளு. பழைய ஸ்கிரிப்ட் கட்டளை எல்லாம் அப்படியே செல்லும், நான் 64 பேஜையும் மூணு ராத்திரில மாத்துனேன், மேல லோடு பண்ற பகுதி மட்டும்தான் மாறிச்சு. வெப்ஜிஎல் கூட வேண்டாம் அதுக்கு. குறை என்னன்னா பெரிய புரோட்டீன குடுத்தா இழுத்துக்கிட்டு கிடக்கும், கூடவே குட்டிக் குட்டி ஃபைலா ஒரு ஃபோல்டர் நிறைய கொண்டுபோய் சர்வர்ல ஏத்தணும்.

புதுசா ஆரம்பிக்கிறீங்கன்னா த்ரீடிமோல். பிட்ஸ்பர்க் யுனிவர்சிட்டிக்காரங்க செஞ்சது, ஒரே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல், வெப்ஜிஎல்ல ஓடும். பேஜ்ல ஒரு டிவ் (எச்டிஎம்எல்ல ஒரு பெட்டி) வச்சு அதுல எந்த மாலிக்யூல், குச்சியா உருண்டையான்னு எழுதுனா போதும், புரோகிராம் எழுதத் தெரியாத எனக்கே வந்துச்சு. பெரிய பெரிய வைரஸ் எல்லாம் காட்டணும்னா மோல்ஸ்டார் இருக்கு, புரோட்டீன் வடிவமெல்லாம் சேத்து வச்சிருக்கற புரோட்டீன் டேட்டா பேங்க் சைட்லயே அதத்தான் வச்சிருக்காங்க. நான் சோதிச்சுப் பாக்க எப்பவும் அந்த பேங்க்ல 1சிஏஜிங்கற அடையாளத்துல இருக்கறதத்தான் போடுவேன், கொலாஜன் (தோல், எலும்புல இருக்கற புரோட்டீன்) மாதிரி பெப்டைடு, மூணு புரி கயிறு கணக்கா முறுக்கி இருக்கும். அந்த மூணு புரிய 1954லயே மெட்ராஸ் யுனிவர்சிட்டில உக்காந்து ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும் சொல்லிட்டாங்க, கம்ப்யூட்டரா இருந்துச்சு அப்போ!

இனி நான் அடி வாங்கிக் கத்துக்கிட்டது. ஒரே பேஜ்ல 20 மாடல் வச்சேன், கீழ போகப் போக மேல இருந்த மாடல் எல்லாம் ஒவ்வொண்ணா மறைஞ்சு போச்சு, பேய் பிடிச்ச மாதிரி. வெப்ஜிஎல் ஜன்னல் ஒரு நேரத்துல இத்தனைன்னு பிரவுசர் ஒரு கணக்கு வச்சிருக்கு, குரோம்ல 16, போன்ல அத விடக் குறைவு, தாண்டுனா பழசத் தூக்கிப் போட்டுரும். அதனால முதல்ல சும்மா ஒரு படம் வச்சுட்டு, தொட்டா மட்டும் மாடல் வர்ற மாதிரி செய்யுங்க. இன்னொண்ணு, போன்ல மாடல் பெட்டி திரை முழுக்க இருந்துச்சுன்னா பேஜ தள்ளவே முடியாது, விரல் வைக்கற எடமெல்லாம் மாடல்தான் சுத்தும், ஓரத்துல பெருவிரல் போற அளவாவது எடம் விடுங்க. அப்புறம் ஃபைல் விஷயம். எக்ஸ்ஒய்இசட் ஃபைல்ல அணு எங்க இருக்குன்னு மட்டும்தான் இருக்கும், பாண்ட் எதுவுமே இருக்காது, தூரத்த பாத்து அதுவா ஊகிச்சு கோடு போடும். டபுள் பாண்ட் காட்டணும்னா பாண்டும் சேத்து எழுதியிருக்கற எஸ்டிஎஃப் ஃபைல் எடுங்க, பப்கெம்ங்கற இலவச மாலிக்யூல் சைட்ல முப்பரிமாணத்துலயே கிடைக்கும். பிடிபி (புரோட்டீன் டேட்டா பேங்க்) ஃபைல நோட்பேட்ல திறந்து அழகு பாக்காதீங்க, அதுல ஒவ்வொரு எண்ணும் வரில இத்தனாவது எழுத்து எடத்துலதான் நிக்கணும்னு கணக்கு, x எண் 31ல இருந்து 38 வரைக்கும், ஒரு ஸ்பேஸ் கூடக்குறைய ஆச்சுன்னா அணு எல்லாம் எங்கயோ பறந்துரும்.

டபுள் பாண்ட் கதைய நான் கத்துக்கிட்டது அண்ணன் மகளால. எங்க வீடு குலசேகரம் பக்கம், அண்ணன் ரப்பர் பால் வெட்டுறவன். பிள்ள பன்னெண்டாப்பு, சிஸ் டிரான்ஸ் மண்டைல ஏற மாட்டேங்குது சித்தப்பான்னு வந்தா. அவகாட்ரோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல ரப்பர் சங்கிலியோட கண்ணியான ஐசோப்ரீன் ஆறு கோத்து ரெண்டு சங்கிலி செஞ்சேன், ஒண்ணு சிஸ் (டபுள் பாண்டுக்கு ஒரே பக்கமா சங்கிலி தொடரும்), அதாவது நம்ம ரப்பர், இன்னொண்ணு டிரான்ஸ் (எதிர் எதிர் பக்கமா தொடரும்), அது கட்டாபெர்ச்சா, பல் டாக்டர் ரூட் கெனால்ல அடைக்கற சாமானம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அவ போன்ல போட்டுக் குடுத்தேன், கண்ணாடி விரிசல் விட்ட போன், ஓடிச்சு. சுத்தி சுத்திப் பாத்துட்டு, "இது நேரா இருக்கு, அதான் அடுக்கி அடுக்கி கெட்டியாகுது, நம்மது வளைஞ்சு வளைஞ்சு கிடக்கு, இல்லியா?"ன்னா. அவ்வளவுதான் விஷயமே. பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருந்த அண்ணன், ரப்பர் ஷீட் அடிச்சுட்டு வந்த கை, ஆசிட் நாத்தம் அப்படியே அடிக்குது, "லேய், ஆசிட் ஊத்துனா பால் எதுக்கு உறையுதுன்னு இதுல தெரியுமா?"ன்னு கேட்டான். தெரியாதுண்ணே. பால்ல ரப்பர் சின்னச் சின்ன உருண்டையா மிதக்கும், மேல நெகட்டிவ் சார்ஜ், அதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தள்ளிக்கிட்டே நிக்குது, ஆசிட் அந்த சார்ஜ கொன்னுரும், எல்லாம் சேந்து கட்டியாயிரும். ஒத்த மாலிக்யூல சுத்திக் காட்டுற மாடல்ல அது வராது. "பின்ன அதயில்லா செய்யணும்"னு சாயா குடிக்கப் போயிட்டான். நியாயமாக்கும்.

அந்த பேஜுக்கு என் குரல்லயே விளக்கம் பேசி ஏத்தினேன். வந்த முதல் கமெண்ட் என்ன தெரியுமா, "மலையாளி தமிழ் பேசுற மாதிரி இருக்கு, தமிழாளுங்க யாரையாவது பேச வைங்க". 1956 நவம்பர் 1ஆம் தேதியே எங்க மாவட்டம் தமிழ்நாட்டோட சேந்தாச்சு, அதுக்காக அடிபட்டு செத்த ஆளுகளோட ஊரு இது, இன்னும் சென்னைக்குப் போனா "நீங்க கேரளாவா?"தான். ஞாபகத்த ஓர்மைன்னு சொன்னா சிரிப்பு, மெதுவா போங்கறத பைய போன்னு சொன்னா பையத் தேடுறானுவ. அத விடுங்க, கேள்விக்கு சம்பந்தமில்ல.

ஒண்ணு விட்டுப் போச்சு. எல்லாம் சரியா செஞ்சும் பேஜ் வெறும் வெள்ளையா நிக்குதுன்னா அந்த டிவ்வுக்கு உயரம் குடுத்திருக்கீங்களா, பொசிஷன் ரிலேட்டிவ்னு போட்டிருக்கீங்களான்னு பாருங்க, எனக்கு ரெண்டு நாள் போச்சு அதுல. அப்படியும் வரலேன்னா, ஃபைல டபுள் கிளிக் பண்ணித் திறக்கறீங்களோ என்னவோ, அப்படித் திறந்தா பக்கத்துல இருக்கற மாலிக்யூல் ஃபைல படிக்க பிரவுசர் விடாது. நெட் இல்லாத ஸ்கூலுக்குன்னா மாலிக்யூல் டேட்டாவ பேஜுக்குள்ளயே ஒட்டிருங்க, பென்டிரைவ்ல குடுத்தாலும் ஓடும்.