குரங்குத் தொல்லை: சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங் சகோதரிக்கு

வணக்கம். குரங்கு சமையலறைக்குள் புகுந்து ரொட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது, தேசியப் பூங்காக் கழகத்திடம் சொன்னால் கொன்றுவிடுவார்களோ என்று தயங்குகிறீர்கள்.

தயங்காமல் சொல்லுங்கள். ஆளைக் கடிக்கும் குரங்கைப் பிடித்து அகற்றியது உண்டு, மறைக்கவில்லை. ஆனால் முதலில் நடப்பது அது அல்ல. எங்கள் அடுக்குமாடி புளோக்கிற்கு வந்த கழகத்தார் கூண்டு கொண்டுவரவில்லை. குரங்குக் கூட்டத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே நின்று, குச்சியால் தரையைத் தட்டித் தட்டி, காட்டுப் பக்கம் திருப்பி நடத்தினார்கள். மாடு ஓட்டுவதுபோலத்தான்! அப்புறம் குப்பைத்தொட்டி மூடியைப் பார்த்தார்கள், யார் தீனி போடுகிறார்கள் என்று விசாரித்தார்கள். மூன்றாம் மாடித் தாத்தா பாவம் பார்த்து வாழைப்பழம் வைத்துக்கொண்டிருந்தார். உங்கள் புளோக்கிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்பது என் ஊகம். 2020 ஜூன் முதல் எந்தக் காட்டு விலங்குக்கும் தீனி போடுவது குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் பையைக் கண்டாலே அவற்றுக்குச் சாப்பாடு என்று நினைப்பு. சந்தைக்குப் போனால் முதுகுப்பையோ துணிப்பையோ எடுத்துப் போங்கள். குரங்கு எதிரே வந்தால் அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், ஓடாமல், மெல்லப் பின்வாங்குங்கள். பல்லைக் காட்டினால் அது சிரிப்பு அல்ல, பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். சன்னலுக்கு வலை போட்டுவிட்டீர்களா?