கொழும்பில் இருந்துகொண்டு, வேகமான ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத் தடத்தில் பாதுகாப்பாக ஓட்டப் பழகுவது எப்படி?

கேள்வி கேட்டவர் கொள்ளுப்பிட்டியில் இருக்கிறார். 400 குதிரைவலுவுக்குக் கிட்டிய, பின்சில்லுகளால் உந்தப்படும் கார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. காலி வீதியில் முச்சக்கர வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து அலுத்துப்போய், அதைத் தடத்தில் ஓட்டிப் பார்க்க விரும்புகிறார். எங்கே தொடங்குவது என்பதுதான் கேள்வி.

அந்தக் காரை வீட்டில் விட்டுவிட்டுத் தொடங்குங்கள் என்பதே என் பதில். பலருக்கு இது பிடிக்காது. ஆனால் வலுவான கார் நல்ல ஆசிரியர் அல்ல. வளைவில் நீங்கள் செய்த தவறை அடுத்த நேர்ப்பாதையில் அதன் எஞ்சின் ஈடுகட்டிவிடும். மிச்சத்தை, பிரேக் போடும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் கார் வழுக்காமல் காக்கும் உறுதிப்பாட்டுக் கட்டுப்பாடும் ஓசையின்றிச் சரிசெய்துவிடும். நீங்கள் கெட்டிக்காரர் என்ற நினைப்போடு வீடு திரும்புவீர்கள். பண்டாரகமையில் உள்ள கார்ட் (திறந்த, குட்டிப் பந்தய வண்டி) தடத்துக்குப் போய்ப் பாருங்கள். கார்ட்டில் சஸ்பென்ஷன் இல்லை, வாடகைக் கார்ட்டுகளில் பிரேக்கும் பெரும்பாலும் பின் அச்சில்தான். டயர் வழுக்கத் தொடங்கும் கணம் நேரே உங்கள் முதுகெலும்புக்கு வந்து சேரும். அந்த உணர்வு உடம்பில் பதிந்த பிறகு, சாதாரண சின்னக் கார் ஒன்றில் பயிற்றுநரோடு ஒரு நாள். உங்கள் சொந்தக் காரின் முறை அதற்குப் பிறகு.

தடத்தில் முதலில் பழக வேண்டியது பிரேக். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. நல்ல டயரும் உலர்ந்த தரையும் இருந்தால், மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும் கார் நிற்க ஏறத்தாழ 40 மீற்றர் வேண்டும். 200 இல் போனால் 80 மீற்றர் போதும் என்று மனம் சொல்லும். உண்மையில் 160 மீற்றருக்குக் கிட்ட வேண்டும், ஏனென்றால் வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. காலைத் தூக்கி வைக்க அரை விநாடி தாமதித்தால் இன்னும் 28 மீற்றர் போய்விடும். 1,500 கிலோ எடையுள்ள காரை 200 இலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது பிறக்கும் வெப்பம், நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் ஏழு லீற்றரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அத்தனையும் பிரேக் தட்டுகளுக்குள் இறங்குகிறது, ஒவ்வொரு சுற்றிலும், பல தடவை.

வீதியில் நாம் பிரேக்கை மெல்லத் தொட்டுப் பிறகு அழுத்துகிறோம். தடத்தில் அது தலைகீழ். கார் நேராக இருக்கும்போதே உறுதியாக, முழுப் பலத்தோடு அழுத்த வேண்டும். வளைவை நெருங்க நெருங்க, ஸ்டியரிங் திரும்பத் திரும்ப, அதே அளவுக்கு மெல்ல விடுவிக்க வேண்டும். டயரின் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதை முழுவதும் நிறுத்துவதற்கே செலவழித்தால் திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது. ஏபிஎஸ் வேலைசெய்து மிதி காலை உதைத்தால் பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். அது தன் வேலையைச் செய்கிறது.

அடுத்த ஆபத்து உங்களுடையது போன்ற காரில் கவனமாகப் பார்க்க வேண்டியது. வளைவின் நடுவில் வேகம் கூடிவிட்டதாகத் தோன்றினால், எவருடைய காலும் தானாகவே அக்சிலரேட்டரிலிருந்து எழுந்துவிடும். அந்தக் கணத்தில் காரின் எடை முன்னால் சாய்கிறது, பின்சில்லுகள் இலேசாகின்றன, வால் வெளியே வீசுகிறது. எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் இருக்கும் போர்ஷே 911 போன்ற கார்களின் பழைய மாதிரிகள் இதற்குப் பேர்போனவை. பரிகாரம் வளைவுக்குள் இல்லை, வளைவுக்கு முன்னால் இருக்கிறது: மெதுவாக நுழையுங்கள், பிறகு காலைச் சீராக வையுங்கள். உறுதிப்பாட்டுக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டுப் படம் எடுக்கும் நண்பர்களை, குறைந்தது முதல் வருடத்துக்காவது, தூரத்தில் வைத்திருங்கள்.

சென்னையில் எனக்குப் பயிற்சி தந்தவர் ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "பார்வையை உயர்த்துங்கள், சார்." முன்னால் உள்ள பொனட்டைப் பார்ப்பவன் பொனட்டுக்கு ஏற்ற வேகத்தில்தான் ஓட்ட முடியும். பிரேக் போடும் இடத்துக்கு வருவதற்கு முன்பே கண் வளைவின் உள்முனையில் இருக்க வேண்டும்; உள்முனைக்கு வருவதற்கு முன்பே வெளியேறும் இடத்துக்குப் போயிருக்க வேண்டும். கார் சுழன்றாலும் மதிலைப் பார்க்காதீர்கள். கண் போன பக்கம் கையும் போகும்.

இனிக் கார். நம் காலநிலைக்கு முதலில் பார்க்க வேண்டியது பிரேக் எண்ணெய். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கொழும்புக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. டொட் 4 தரத்தில் புதிய எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய எண்ணெய்க்கு அந்தத் தரம் கேட்பது 155 மட்டுமே. எண்ணெய் கொதித்துக் குமிழி வந்தால் மிதி தரைவரை போகும், கார் நிற்காது. ஆகவே தடத்துக்குப் போவதற்குச் சற்று முன்பு புதிய எண்ணெய் மாற்றுங்கள்.

அடுத்தது டயர். 2020 இல் வாகன இறக்குமதி நின்று 2025 இல்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. இங்கே விலைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார்கள் பல அதற்கும் முந்தியவை. அதிகம் ஓடாததால் டயரின் பூ (மேற்பரப்பு வரிப்பள்ளம்) மட்டும் புதிதாக இருக்கும், ரப்பர் காய்ந்திருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. அப்படி ஒன்று இருந்தால் பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். சூடேறினால் காற்றழுத்தம் கூடும், எனவே ஓடி வந்தவுடன் அளந்து சரிசெய்யுங்கள். சில்லு நட்டுகளையும் அப்போதே பாருங்கள். காருக்குள் தண்ணீர்ப் போத்தல், குடை, கைப்பேசி எதுவும் கிடக்கக் கூடாது. மிதிக்கு அடியில் உருண்ட போத்தல் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

ஒரே மூச்சில் நெடுநேரம் ஓட்ட வேண்டாம், பதினைந்து நிமிடம் போதும். கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமலே மெதுவாக ஓடி முடியுங்கள், தட்டுகள் ஆறட்டும். நிறுத்திய பிறகு கைப்பிரேக்கை இழுக்காதீர்கள். கியரில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். தலைக்கவசத்தில், கார்ப் பந்தயத்துக்கான ஸ்னெல் பாதுகாப்புத் தரத்தின் எஸ்.ஏ. குறி இருக்கட்டும். மோட்டார் சைக்கிளுக்கான எம் குறியுள்ளதற்கு, எஸ்.ஏ. வகைக்குச் செய்யும் தீச் சோதனை கிடையாது. கொடிகளின் பொருளை முதல் நாள் இரவே மனப்பாடம் செய்யுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். நீலம் என்றால் பின்னால் வேகமானவர் வருகிறார். அதில் ரோசப்பட ஒன்றுமில்லை, வழிவிடுங்கள்.

எங்கே ஓட்டுவது? களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளம் ஒன்றில் பந்தயங்கள் நடக்கின்றன. சமதரை, அகலம், புதியவருக்கு நல்லது. பன்னலையிலும் தடம் இருக்கிறது. நுவரெலியாவின் மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1930களிலிருந்து வரும் பெருமைக்குரிய ஒன்று, ஆனால் ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் சரிவும் உள்ள ஒடுங்கிய பாதை கற்றுக்கொள்ளும் இடம் அல்ல. கையில் காசிருந்தால் சென்னைக்குப் போங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீற்றர், 12 வளைவுகள் கொண்ட தடம் 1990 முதல் இருக்கிறது. பயிற்சிப் பள்ளிகள் தங்கள் காரையே தருகின்றன, விளக்கமும் தமிழில் கிடைக்கும். 5.5 கிலோமீற்றர் நீளமான மலேசியாவின் செப்பாங் அதற்கும் அடுத்த கட்டம்.

அதிவேக நெடுஞ்சாலையில் நள்ளிரவில் பழகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே வேக எல்லை மணிக்கு 100 கிலோமீற்றர், தவறினால் ஓடி நிற்க வெளி கிடையாது, எதிர்பாராமல் குறுக்கே வருபவர் உங்கள் விளையாட்டுக்குச் சம்மதித்தவரும் அல்ல. தடத்திலும் பார்வையாளர் நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் புகுந்ததில் ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஒரு சிறுமியும் இருந்தாள். குடும்பத்தை அழைத்துப்போனால் வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்கவிடாதீர்கள், கயிறு கட்டியிருந்தாலும்.

காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை வாசியுங்கள். சாதாரண வாகனக் காப்புறுதியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருப்பதே வழக்கம். அதாவது தடுப்பில் மோதினால் செலவு முழுவதும் உங்களுடையது. அந்தத் தொகையைத் தாங்க முடியாதென்றால், பள்ளிக்காரரின் காரில் ஓட்டுவதே புத்தி. முதல் நாள்களில் பக்கத்து இருக்கையில் மச்சானையோ நண்பரையோ ஏற்றாதீர்கள். பயிற்றுநர் வராத சுற்றில் அது காலியாகவே இருக்கட்டும்.