வார்ப்பிரும்பு பிளாக்குக்கு ஸ்லீவ் போடத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் காரின் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினைப் பிரித்தபோது மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ஆழமான கீறல் தெரிந்தது. பிளாக் (சிலிண்டர்கள் அமைந்திருக்கும் எஞ்சினின் உடற்பகுதி) வார்ப்பிரும்பால் ஆனது. புதிதாக வந்தபோதே அதில் ஸ்லீவ் (சிலிண்டருக்குள் இறுக்கமாக இறக்கும் தனி உலோக உருளை) கிடையாது. மெக்கானிக்கோ, நான்கு சிலிண்டருக்கும் ஸ்லீவ் போட்டுவிட்டால் எஞ்சின் பலமாகிவிடும் என்கிறார். வார்ப்பிரும்பு பிளாக்குக்கு ஸ்லீவ் அவசியமா?

பதில்: அவசியமில்லை. சாம்பல் வார்ப்பிரும்பின் எடையில் ஏறத்தாழ 3 சதவீதம் கார்பன் இருக்கிறது; அதில் பெரும்பகுதி உலோகத்துக்குள் மெல்லிய கிராஃபைட் செதில்களாகப் பரவிக் கிடக்கிறது. பிஸ்டன் ரிங் உரசும்போது அந்தச் செதில்களே மசகுபோல உதவுகின்றன. அவை உதிர்ந்த இடத்து நுண்குழிகளிலும், ஹோனிங் (சிலிண்டர் சுவரைச் சாணைக்கல்லால் தேய்த்துச் சீராக்கும் வேலை) விட்டுச்செல்லும் குறுக்குக் கோடுகளிலும் ஆயில் தங்கி நிற்கிறது. ஆகவேதான் வார்ப்பிரும்பு பிளாக் கொண்ட கார் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் பிளாக்கின் உலோகத்திலேயே சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டனை நேரடியாக அதில் ஓடவிடுகிறார்கள். கடையில் வாங்கிப் போடும் ஸ்லீவும் பெரும்பாலும் வார்ப்பிரும்புதான்.

சாதாரண அலுமினியக் கலவையின் நிலை வேறு. அது மென்மையானது, ரிங்கின் உரசலை நெடுநாள் தாங்காது. அதனால் அலுமினிய பிளாக்கில் வார்ப்பிரும்பு லைனர் (ஸ்லீவ் போன்ற உள் உருளை) வைக்கிறார்கள், அல்லது சுவரின்மேல் கடினமான பூச்சு கொடுக்கிறார்கள், அல்லது சிலிக்கான் மிகுந்த கலவையால் பிளாக்கையே வார்க்கிறார்கள். 1971 மாடலாக வந்த செவ்ரோலெட் வேகாவின் எஞ்சினில் 17 சதவீத அளவுக்குச் சிலிக்கான் கலந்த அலுமினிய பிளாக், லைனர் இல்லாமலே பயன்படுத்தப்பட்டது. அலுமினியத்துக்கு உரிய இந்தத் தேவையை வார்ப்பிரும்பின்மேல் ஏற்றிச் சொல்வதால்தான் பலருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது.

வார்ப்பிரும்பு பிளாக்கில் ஸ்லீவ் என்பது பழுது நீக்கும் வழி. முதலில் ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற ஓவர்சைஸ் (அந்த அளவுக்குப் பெரிதான) பிஸ்டன்களில் உங்கள் எஞ்சினுக்குக் கிடைப்பதைப் போட முடியுமா என்று பார்க்க வேண்டும். அந்த வரம்பையும் மீறித் தேய்ந்திருந்தாலோ, ஒரு சிலிண்டரில் மட்டும் விரிசலோ ஆழ்ந்த கீறலோ இருந்தாலோதான் ஸ்லீவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எனவே, முடிவெடுக்கும் முன் அளந்து பாருங்கள். போர் கேஜ் (உள்விட்டத்தை அளக்கும் கருவி) கொண்டு ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு திசைகளில் அளப்பதே முறை. கேஜ் கைவசம் இல்லையென்றால், ஒரு ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, ரிங் முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். தேய்மானம் மிகுதியாக இருக்கும் மேற்பகுதியிலும், ரிங்கே போகாத அடிப்பகுதியிலும் எடுத்த இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால், விட்டம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். வித்தியாசம் 0.31 மி.மீ. என்றால் தேய்மானம் சுமார் 0.10 மி.மீ. சர்வீஸ் மேனுவலில் உள்ள வரம்போடு இதை ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

மூன்றாவது சிலிண்டரின் கீறல் ஓவர்சைஸ் அளவுக்குள் மறைந்துவிடும் என்றால், நான்கையும் ஒரே அளவுக்கு ரீபோர் செய்வதே சிறந்தது. மறையாது என்றால், அந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்லீவ் போட்டு, மற்ற மூன்றின் அளவுக்கே அதையும் கடைந்து முடிக்கலாம். நல்ல லேத் பட்டறையில் செய்யப்பட்ட இத்தகைய வேலை நெடுங்காலம் உழைக்கும்.

நான்குக்கும் போட்டால் பலமாகும் என்ற கருத்தை ஏற்பதற்கில்லை. ஸ்லீவின் சுவர் 2.4 மி.மீ. தடிமன் என்று வைத்துக்கொள்வோம். பழைய அளவுக்கே சிலிண்டரைக் கொண்டுவர, பிளாக்கின் சுவரில் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய அதே தடிமனைச் சீவி எடுத்தாக வேண்டும். ஒரே வார்ப்பாக இருந்த சுவர் மெலிந்து, அதற்குள் ஓர் உருளை இறுகி நிற்கும். இரண்டும் ஒன்றாக வார்த்த சுவருக்கு இணையாகாது. வார்க்கும்போது உள் அச்சு சற்று நகர்ந்திருந்தால் சுவர் ஒரு பக்கம் மெலிதாகவே இருக்கும். அந்தப் பக்கம் கடையும்போது தண்ணீர்ப் பாதை திறந்துகொள்ளும் அபாயமும் உண்டு. நன்றாக இருக்கும் மூன்று சிலிண்டர்களை இதற்கு உட்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அப்படியானால் பெரிய டீசல் எஞ்சின்களில், பிளாக் வார்ப்பிரும்பாக இருந்தும் ஏன் லைனர் வைக்கிறார்கள்?

பதில்: எஞ்சினை வண்டியிலிருந்து இறக்காமலே, தேய்ந்த லைனரை உருவிப் புதியதை இறக்கிவிடலாம் என்பதே முதன்மைக் காரணம். லைனரைத் தனியாக, மேலும் தரமான கலவையில் வார்த்துக்கொள்ள முடிவதும் ஒரு வசதி. ஆயினும் எல்லா டீசலுக்கும் இது விதியாகாது: கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் பி வரிசை எஞ்சினில் லைனர் இல்லை. அதே நிறுவனத்தின் 8.3 லிட்டர் சி வரிசையில் வெட் லைனர் இருக்கிறது.

வெட் லைனரின் வெளிப்புறத்தில் கூலன்ட் நேரடியாகப் படுகிறது. எரிப்பின் அதிர்வில் லைனர் நடுங்கும்போது அதன்மேல் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து, ஊசி குத்தியதுபோல் உலோகத்தை அரிக்கும். இதைத் தடுக்கும் சேர்மானம் கலந்த கூலன்ட்டையே ஊற்ற வேண்டும். வெறும் தண்ணீர் கூடாது. லைனரின் கீழே உள்ள ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஸ்லீவ் போட்ட சிலிண்டர் அதிகம் சூடாகுமா?

பதில்: பொருத்தம் சரியாக இருந்தால், உணரும்படியான வேறுபாடு இருக்காது. ஸ்லீவும் பிளாக்கும் வார்ப்பிரும்பே என்பதால் ஏறத்தாழ ஒரே அளவில் விரிகின்றன, பிடிமானம் தளர்வதில்லை. துளை கோணலாகவோ சொரசொரப்பாகவோ கடையப்பட்டிருந்தால் இடையே காற்று தங்கி, வெப்பம் வெளியேறுவது தடைபடும். துளையின் அடியில் ஸ்லீவ் உட்கார ஒரு படி விடப்பட்டிருக்கிறதா, மேல்முகம் பிளாக்கோடு சமமாகச் சீவப்பட்டிருக்கிறதா, இறுதி அளவும் ஹோனிங்கும் ஸ்லீவை இறக்கிய பிறகே செய்யப்பட்டனவா என்று பட்டறையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.