பெரிய பொட்டாசியம் நுழைகிறது, சிறிய சோடியம் ஏன் நுழையவில்லை?

சோடியம் அயனி, அதாவது மின்னூட்டம் கொண்ட சோடியம் அணு, பொட்டாசியம் அயனியைவிடச் சிறியது. அப்படியிருந்தும் செல் சவ்வில் பொட்டாசியத்துக்கு வழிவிடும் பொட்டாசியம் கால்வாய்ப் புரதம் பெரிய அயனியை உள்ளே விட்டு, சிறியதை எப்படித் தடுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கால்வாயைச் சல்லடை மாதிரி நினைப்பதால் வரும் குழப்பம் இது. பாடநூல் படங்களில் வெறும் குழாயாக வரைந்துவிடுவதும் ஒரு காரணம்.

தண்ணீரில் அயனி தனியாக இருக்காது. நீர் மூலக்கூறுகள் அதை நெருக்கமாகச் சூழ்ந்திருக்கும். கால்வாயின் மிகக் குறுகலான இடத்தில் நுழைய அந்த நீர்ப் போர்வையைக் கழற்ற வேண்டும். அதற்கு ஆற்றல் நிறைய வேண்டும்.

சரி, அதை யார் ஈடுகட்டுவது? புரதமேதான். அதன் நான்கு துணை அலகுகள் கூடி நடுவில் துளையை அமைக்கின்றன. அவற்றின் முதுகெலும்பிலுள்ள, அதாவது புரதச் சங்கிலியின் நடுத்தண்டிலுள்ள, ஆக்சிஜன் அணுக்கள் துளையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். துளைக்குள் அயனி நிற்கும் ஒவ்வோர் இருக்கையிலும் எட்டு ஆக்சிஜன்கள், நீரில் இருந்த அதே நெருக்கத்தில், பொட்டாசியத்தைச் சூழ்கின்றன. போர்வையை இழந்த குறையே அதற்குத் தெரியாது! பொட்டாசியத்தின் ஆரம் 1.33 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), சோடியத்துக்கு 0.95 மட்டுமே. அதனால் சோடியத்துக்கு அந்த ஆக்சிஜன்கள் எட்டுவதில்லை. இழப்புக்கு ஈடு கிடைக்காததால் அது தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது.

அமெரிக்க விஞ்ஞானி ராடரிக் மெக்கினன் குழு 1998-இல் ஒரு பாக்டீரியாக் கால்வாயின் அமைப்பைப் படம்பிடித்தபோது இது கண்ணெதிரே தெரிந்தது. 2003-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

அப்புறம், இவ்வளவு இறுக்கமாகப் பிடித்தால் வேகம் குறையாதா என்று அடுத்துத் தோன்றும். குறையாது. வரிசையில் நிற்கும் அயனிகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் நொடிக்குச் சுமார் 10 கோடி வரை கடந்துவிடும்.