வேலியைப் பிடுங்கியவர்களின் மரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் விண்டம் என்ற சிற்றூரில் வசிக்கிறேன். வேலைக்காக நார்விச்சுக்குப் பழைய சாலை வழியாகப் பேருந்தில் போவேன். ஹெதர்செட் ஊர் வருவதற்கு முன் சாலையோரத்தில் ஒரு வயதான ஓக் மரம் நிற்கிறது. விழாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் கெட் ஓக். 1549இல் ராபர்ட் கெட் என்பவர் இந்த மரத்தடியில்தான் ஆட்களைத் திரட்டி, பொது நிலத்தை வளைத்த வேலிகளுக்கு எதிரான கலகத்தைத் தொடங்கினார் என்று சொல்கிறார்கள்.

என் மகளின் பள்ளியில் உள்ளூர் வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் இந்த மரத்தைப் பற்றித்தான் எழுதுவேன் என்கிறாள். என் கணவரோ, "அது ஊர்க்கதை. மரத்துக்கு என்ன தெரியும்? ராஜாக்கள், சட்டங்கள் என்று ஏதாவது எடுத்து எழுது" என்கிறார். எனக்கும் குழப்பமாக இருக்கிறது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நாட்டின் வரலாற்றுக்குள் போக முடியுமா?

ச., விண்டம்

*

அன்புள்ள ச.,

உங்கள் கணவரின் சந்தேகம் நியாயமானது. மகள் அந்தச் சந்தேகத்திலிருந்தே தொடங்கட்டும். இந்த மரத்தடியில்தான் கூடினார்கள் என்பது வழிவழியாக வந்த பேச்சு. நார்ஃபோக்கின் மேற்குப் பக்கம் ரைஸ்டன் என்ற ஊரிலும் 'கெட் ஓக்' என்று ஒரு மரத்தைக் காட்டுகிறார்கள். மூன்றாவதாக ஒரு மரம் இருந்தது. நார்விச்சுக்கு வெளியே மவுஸ்ஹோல்ட் மேட்டில், கெட் உட்கார்ந்து வழக்கு விசாரித்த மரம். அதற்குச் 'சீர்திருத்த ஓக்' என்று பெயர். அந்தக் காலத்தில் எழுதியவர்களே அதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அது இன்று இல்லை. அதாவது எழுத்துச் சாட்சி உள்ள மரம் போய்விட்டது, நீங்கள் பேருந்திலிருந்து பார்க்கும் மரத்துக்கு ஊர் நினைவுதான் சாட்சி. இதை மகள் முதல் பக்கத்திலேயே எழுதிவிடலாம். கட்டுரை இதனால் பலம்தான் பெறும்.

அப்புறம் கெட் யார் என்று கேட்க வேண்டும். கையில் கொஞ்சம் நிலமும் காசும் உள்ளவர், வயது ஐம்பதைத் தாண்டியவர். தொழில் தோல் பதனிடுவது. அண்ணன் தம்பியில் இன்னொருவரான வில்லியம் இறைச்சி வியாபாரி. பசியில் தெருவுக்கு வந்த ஏழை என்று இவரை நினைத்துக்கொண்டால் கதையே மாறிவிடும். பொது நிலத்தை வேலி போட்டு வளைத்தவர்களில் இவரும் ஒருவர்.

1549 ஜூலையில் விண்டத்தில் புனித தாமஸ் பெக்கெட்டுக்குத் திருவிழா நடந்தது. பெக்கெட் வழிபாட்டை எட்டாம் ஹென்றி 1538லேயே தடை செய்திருந்தார். ஆனாலும் ஊர் கூடியது. கூடியவர்கள் சும்மா கலையவில்லை, பக்கத்து நிலங்களின் வேலிகளைப் பிடுங்கப் போனார்கள். ஹெதர்செட்டில் ஜான் ஃப்ளவர்டியூ என்ற வழக்கறிஞருடைய வேலி இருந்தது. அவர் தன் வேலியைக் காப்பாற்ற ஆட்களுக்குப் பணம் கொடுத்து, "கெட்டின் வேலியைப் போய்ப் பிடுங்குங்கள்" என்று திருப்பிவிட்டார்.

இரண்டு குடும்பங்களுக்கும் பழைய பகை. விண்டம் மடாலயத்தை அரசு மூடியபோது, கட்டடத்தின் ஈயத்தையும் கல்லையும் பெயர்த்துக்கொண்டு போனவர் இந்த ஃப்ளவர்டியூ. கோயில் ஊருக்கு வேண்டும் என்று நின்றவர்கள் கெட் குடும்பத்தினர். நீங்கள் இருக்கும் ஊரில் அந்தக் கோயிலின் பாதி இன்னும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள்.

கூட்டம் கெட்டின் நிலத்துக்கு வந்தது. அவர் அவர்கள் சொன்னதைக் கேட்டார். நியாயம் என்று ஒப்புக்கொண்டார். தன் வேலியைத் தானே அவர்களோடு சேர்ந்து பிடுங்கினார். பிறகு அவர்களை அழைத்துக்கொண்டு ஹெதர்செட்டுக்குத் திரும்பிப் போய் ஃப்ளவர்டியூவின் வேலியையும் பிடுங்கினார். இந்தக் கலகத்தைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் நான் நின்றுவிடுகிற இடம் இதுதான். ஃப்ளவர்டியூ மேல் இருந்த கோபம் ஒரு காரணம் என்று சொல்லலாம். ஆனால் கோபம் மட்டும் ஒருவரைத் தன் சொந்த வேலியைப் பிடுங்க வைக்காது. அடுத்த ஏழு வாரங்கள் அவர் நடந்துகொண்ட விதமும் அதைத்தான் காட்டுகிறது.

இனி மரத்துக்கு வருவோம். கெட்டின் தொழிலே ஓக் மரத்தை நம்பியது. நம் ஊரில் தோல் பதனிட ஆவாரம்பட்டை மாதிரி, இங்கிலாந்தில் ஓக் பட்டை. பட்டையைப் பொடித்து ஊறப்போட்ட தொட்டியில் தோல் மாதக்கணக்கில் கிடக்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கால வழக்கப்படி நிலத்தில் நிற்கும் மரத்தின் அடிமரம் பிரபுவுக்குச் சொந்தம். விறகுக்கும் வேலிக்கும் கிளை வெட்டிக்கொள்ளும் உரிமை பல இடங்களில் குடியானவருக்கு இருந்தது. ஆள் உயரத்துக்கு மேலே கிளையை வெட்டிவிட்டால், மாடு எட்டித் தின்ன முடியாத உயரத்தில் புதுக் கிளை வரும். சில ஆண்டுகள் கழித்து மறுபடி வெட்டுவார்கள். இப்படி வெட்டி வெட்டி வளர்ந்த மரம் குட்டையாக, தடித்து, நடுவில் பொந்து விழுந்து, மிக நீண்ட காலம் வாழும். கப்பல் கட்ட நெடிய பலகை தராது என்பதால் கோடரிக்கும் தப்பும். இங்கிலாந்தின் மிகப் பழைய ஓக் மரங்களில் நிறைய இப்படிப் பிழைத்தவைதான். பிரபுவும் குடியானவரும் ஒரே மரத்தில் உரிமை வைத்திருந்த அந்த ஏற்பாடுதான், நிலத்தைப் பொறுத்தவரை, 1549இல் உடைந்துகொண்டிருந்தது.

ஏன் உடைந்தது என்று கேட்கும்போது விண்டத்தைத் தாண்டி நாட்டுக்குள் போய்விடுவீர்கள். கம்பளிக்கு நல்ல விலை. பெரிய நிலக்காரர்கள் பொது மேய்ச்சல் நிலத்தில் தங்கள் ஆட்டு மந்தைகளைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். சாதாரணக் குடியானவரின் ஒன்றிரண்டு மாடுகளுக்குப் புல் இல்லை. எட்டாம் ஹென்றி போர்ச் செலவுக்காக நாணயத்தில் வெள்ளியைக் குறைத்து அடித்ததில் காசின் மதிப்பு விழுந்து, விலைவாசியும் வாடகையும் ஏறின. அவர் மகன் ஆறாம் எட்வர்ட் அப்போது 11 வயதுப் பையன். அவர் பெயரில் ஆட்சி நடத்திய சாமர்செட் பிரபு, சட்டவிரோத வேலிகளை விசாரிக்கக் குழுக்களை அனுப்பினார், ஆணைகளும் போட்டார். அதனால் வேலி பிடுங்கியவர்கள் தங்களைக் கலகக்காரர்களாக நினைக்கவே இல்லை. ராஜாவின் சட்டத்தைத்தான் நிறைவேற்றுகிறோம், உள்ளூர்ப் பெரிய மனிதர்கள்தான் அதை மீறுகிறார்கள் என்று உண்மையிலேயே நம்பினார்கள்.

அதே கோடையில் தென்மேற்கே டெவனிலும் கார்ன்வாலிலும் வேறொரு கலகம் நடந்தது. அங்கே புதிய ஆங்கில வழிபாட்டு நூல் வேண்டாம் என்று எழுந்தார்கள். நார்விச்சை நோக்கிப் போய் மவுஸ்ஹோல்ட் மேட்டில் முகாமிட்ட கெட்டின் ஆட்களோ அந்தப் புதிய நூலை வைத்தே அங்கே வழிபட்டார்கள். ஒரே நாடு, ஒரே மாதம். நாட்டு வரலாற்றை மட்டும் படிப்பவர் '1549 கலகங்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். உள்ளூருக்குள் இறங்கினால்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

மவுஸ்ஹோல்டில் கூடியவர்கள் சுமார் 16,000 பேர் என்கிறார்கள். நார்விச் அப்போது இங்கிலாந்தின் இரண்டாவது பெரிய நகரம், அதன் மக்கள்தொகையையே மிஞ்சிய கூட்டம். ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, ஓக் மரத்தடியில் உட்கார்ந்து நிர்வாகம் நடத்தினார் கெட். பிடித்துவந்த பெரிய மனிதர்களை அங்கே நிறுத்தி விசாரித்தார்கள். பிற்காலத்தில் கான்டர்பரி பேராயரான மாத்யூ பார்க்கர் அந்த மரத்தடியிலேயே நின்று அவர்களுக்கு அடங்கிப் போகச் சொல்லிப் பிரசங்கம் செய்தார்.

அங்கே எழுதிய 29 கோரிக்கைகளை உங்கள் மகள் கட்டாயம் படிக்க வேண்டும். முதல் கோரிக்கையிலேயே ஒரு நுணுக்கம் இருக்கிறது: இனி யாரும் வேலி போடக் கூடாது, ஆனால் குங்குமப்பூப் பயிரிட ஏற்கெனவே வேலி போட்டவர்களுக்கு நஷ்டம் வரக் கூடாது, அவர்கள் நிறையச் செலவு செய்திருக்கிறார்கள். கண்மண் தெரியாமல் எரிக்க வந்த கூட்டம் இப்படி எழுதுமா? பிரபுக்கள் பொது நிலத்தில் மேய்க்கக் கூடாது. ஆறுகள் மீன் பிடிக்கவும் போக்குவரத்துக்கும் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். கண்டவர்களெல்லாம் புறாக்கூடு வைக்கக் கூடாது (புறா எங்கே தின்னும்? குடியானவரின் வயலில்தான்). பிரசங்கம் செய்யத் தெரியாத பாதிரியாரை மாற்ற வேண்டும். நல்ல வருமானம் உள்ள பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். இவற்றுக்கு நடுவில், கொத்தடிமைகள் எல்லோரும் விடுதலை பெற வேண்டும், ஏனென்றால் கடவுள் தன் ரத்தத்தைச் சிந்தி எல்லோரையும் விடுதலை செய்துவிட்டார் என்று ஒரு வரி. புறாவுக்கும் முயலுக்கும் வாடகைக்கும் இடையில் அந்த வரி வருவதுதான் என்னை அசைக்கிறது.

அந்தக் கோரிக்கைத் தாள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் வழக்கமான எழுதுமை, ஓக் மரத்தில் பூச்சி முட்டையிடுவதால் உண்டாகும் காயையும் இரும்பு உப்பையும் கலந்து செய்தது. நம் நாட்டு மருந்துக் கடையில் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்க வாங்கும் மாசிக்காய் இருக்கிறதே, அதுவும் ஓக் இன மரம் ஒன்றில் வரும் காய்தான். மகளுக்கு அதைக் காட்டிச் சொன்னால் மறக்கமாட்டாள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசின் தூதர் மன்னிப்போடு வந்தார். தவறு செய்தவனுக்குத்தான் மன்னிப்பு, நாங்கள் தவறு செய்யவில்லை என்று கெட் மறுத்தார். கலகக்காரர்கள் நார்விச்சைப் பிடித்தார்கள். நார்த்தாம்ப்டன் பிரபு தலைமையில் வந்த முதல் படையை விரட்டினார்கள். அடுத்து வாரிக் பிரபு ஜெர்மானியக் கூலிப்படையோடு வந்து, ஆகஸ்ட் 27 அன்று டசின்டேல் என்ற இடத்தில் அவர்களை நொறுக்கினார். ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஒன்பது பேரைச் சீர்திருத்த ஓக்கிலேயே தூக்கிலிட்டார்கள். இன்னும் கொல்ல வேண்டும் என்று உள்ளூர்ப் பிரபுக்கள் கேட்டபோது, "பிறகு நாமே ஏர் பிடிக்கப் போகிறோமா?" என்று வாரிக் கேட்டதாக எழுதியிருக்கிறார்கள். இரக்கத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, அதில் இருப்பது கணக்கு. டிசம்பரில் ராபர்ட்டை நார்விச் கோட்டைச் சுவரிலும், வில்லியமை விண்டம் கோயிலின் மேற்குக் கோபுரத்திலும் தொங்கவிட்டார்கள். சாமர்செட் அந்த ஆண்டே பதவி இழந்து 1552இல் தலை வெட்டப்பட்டார். வாரிக்குக்கு 1553இல் அதே கதி.

இதையெல்லாம் எழுதி வைத்தவர்கள் வென்ற பக்கத்தினர். நார்விச்சின் வசதியான குடும்பத்தைச் சேர்ந்த நிக்கலஸ் சதர்டன் ஒருவர். பார்க்கரின் செயலாளர் அலெக்சாண்டர் நெவில் இன்னொருவர், இவர் 1575இல் லத்தீனில் எழுதினார். இருவருக்கும் கெட் ஒரு கொள்ளைக்காரர். ஆகஸ்ட் 27ஐ நார்விச் நூறாண்டுக்கு மேல் நன்றித் திருநாளாகக் கொண்டாடியது. கலகம் எப்பேர்ப்பட்ட பாவம் என்று பிரசங்கம் நடக்கும்.

பிறகு 1949. ஃப்ரெட் ஹெண்டர்சன் என்ற நகரமன்றப் பெரியவர், இளமையில் ஓர் உணவுக் கலகத்துக்காக அதே கோட்டையில் சிறை இருந்தவர், கெட்டுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டும் என்று நின்றார். சிலை கிடைக்கவில்லை. கோட்டைச் சுவரில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. அடிமை வாழ்விலிருந்து நியாயமான சுதந்திரத்துக்கு இங்கிலாந்தின் சாதாரண மக்கள் நடத்திய நெடும் போராட்டத்தில் ஒரு துணிச்சலான தலைவர் என்று, பரிகாரமாகவும் மரியாதையாகவும், நார்விச் மக்கள் வைத்தது என்கிறது அது.

உங்கள் கேள்விக்கு இதைத்தான் பதிலாக நினைக்கிறேன். அந்த மரத்தடியில் கெட் நின்றாரா என்பது ஒரு கேள்வி. தூக்கிலிட்ட ஒருவரின் பெயரை ஒரு மரத்துக்கு வைத்து, அது சாயும்போது முட்டுக்கொடுத்து, இத்தனை காலம் காப்பாற்றியவர்கள் யார், ஏன் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதும் முழு வரலாறுதான். பிரசங்க மேடையிலிருந்து வேறு கதை சொன்ன காலத்திலும் அந்தப் பெயர் யார் வாயிலாவது இருந்திருக்க வேண்டும். ஊர்க்கதை என்று உங்கள் கணவர் தள்ளுவது அதைத்தான். அவரை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அதைத் தள்ளினால் சதர்டனும் நெவிலும் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

மகளிடம் சொல்லுங்கள்: முதலில் மரத்தை வரையட்டும், அடிமரத்தின் சுற்றளவை அளக்க முடிந்தால் அளக்கட்டும். ஓக் மரம் முந்நூறு ஆண்டு வளரும், முந்நூறு ஆண்டு வாழும், முந்நூறு ஆண்டு சாகும் என்று அந்த ஊரில் ஒரு வழக்கு உண்டு. அந்தக் கணக்கில் இந்த மரத்தை எங்கே வைக்கலாம் என்று அவளே யோசிக்கட்டும். பிறகு விண்டம் கோயிலுக்குக் கூட்டிப்போய் மேற்குக் கோபுரத்தைக் காட்டுங்கள். நார்விச்சில் பிஷப் பாலம் இன்னும் இருக்கிறது, அந்தப் பக்கத்தில்தான் ஆற்றை நீந்திக் கடந்து ஊருக்குள் புகுந்தார்கள். அங்கிருந்து மவுஸ்ஹோல்ட் மேடு நடக்கும் தூரம்தான். கோட்டைக் கல்வெட்டைக் கடைசியில் பாருங்கள். 29 கோரிக்கைகளில் எது இன்று நிறைவேறியிருக்கிறது, எது இன்னும் இல்லை என்று அவள் ஒரு பட்டியல் போட்டால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஆறுகளைப் பற்றிய கோரிக்கைக்கு அவள் என்ன எழுதுகிறாள் என்று பார்க்க ஆசை.

அன்புடன்