கேட்டால் தோன்றிவிடுமா?

ஐயா,

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். போன வாரம் ஒரு மாணவன் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில், ‘மனசு வலி தாங்க முடியல மேடம்’ என்று எழுதியிருந்தான். நேரில் கேட்கப் பயமாக இருக்கிறது. இல்லாத நினைப்பை நானே கிளப்பிவிட்டால்? தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாரையாவது அழைக்கலாமா? இந்தத் தலைமுறைக்கு ஏன் தாங்கும் சக்தியே இல்லை?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

தலைமுறைப் பேச்சை விடுங்கள். என் தாத்தாவும் என் அப்பாவைப் பார்த்து இதையேதான் சொன்னார்.

போன வாரமா? எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கலாமே அம்மா!

அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் 1993-ல் இந்தத் தாங்க முடியாத மனவலியைத்தான் தற்கொலைக்கு மையமாகச் சொன்னார். அரியர், காதல், கடன், சாதிப் பேச்சு எல்லாம் வந்து சேருமிடம் அது. வலி நின்றால் போதும் என்று தவிப்பவனிடம் ‘தற்கொலை எண்ணம் வருகிறதா’ என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆய்வுகளும் அதைத்தான் சொல்கின்றன. பலருக்கு, அப்பாடா, ஒருத்தராவது கேட்டாரே என்றிருக்கும்.

எனக்கு இருந்தது. தஞ்சாவூர் ஹாஸ்டலில் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் கிடந்த சமயம். வீட்டில் குறுவைக்கு வாங்கிய கடன், எனக்கு அரியருக்கு மேல் அரியர். மெஸ் சமையல்காரர் அண்டாவின் அடியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே கேட்டார்: “சாகலாம்னு தோணுதா தம்பி?”

“ஆமாண்ணே.”

அவர் பதறவில்லை. அம்மாவை நினைச்சுப் பாரு என்று ஆரம்பிக்கவுமில்லை. ஒரு முறம் சின்ன வெங்காயத்தை என் பக்கம் தள்ளி உரிக்கச் சொன்னார். வார்டனிடம் சொல்லிவிட்டு, ராத்திரி என் அறை வாசலிலேயே பாயை விரித்துப் படுத்தார். காலையில் டவுன் பஸ்ஸில் தஞ்சாவூர் மெடிக்கலுக்குக் கூட்டிப்போய் ஓ.பி. சீட்டு வரிசையில் அவரே நின்றார். ரசம் மட்டும் அவருக்குக் கடைசிவரை வைக்க வரவில்லை.

நீங்களும் அப்படியே நேராகக் கேளுங்கள், இன்றைக்கே. ‘ஒண்ணும் இல்லைதானே?’ என்று கேட்காதீர்கள். ‘இல்லை மேடம்’ என்றுதான் சொல்வான். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, எந்நேரமும் எடுப்பார்கள். 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு. போலீஸ் கேஸாகும் என்று யாராவது மிரட்டினால், 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவைக் காட்டுங்கள். தற்கொலைக்கு முயன்றவரையே தண்டிக்காமல் சிகிச்சை தரச் சொல்லும் பிரிவு அது.

பேச்சாளர் வேண்டாம். அவருக்குப் போடும் சால்வைக் காசில் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆட்டோ பிடியுங்கள்.